இளவேனிலும் தளிர்நடையும்

தமிழ் ஆண்டின் ஆறு பெரும்பொழுதுகளில் சித்திரையும் வைகாசியும் இளவேனில். உருகுவதற்குப் பனி இல்லாத நாட்டில் பருவம் மாறியதை முதலில் சொல்பவை மரங்கள். பங்குனி முடிவதற்குள் புங்கமரம் பழைய இலையை உதிர்த்துவிட்டுப் பளபளக்கும் தளிரை விடுகிறது. வேம்பு பூத்து வாசலெல்லாம் உதிர்கிறது. சரக்கொன்றை மஞ்சள் சரமாகத் தொங்குகிறது. விடியுமுன்னே குயில் கூவத் தொடங்குகிறது. கடைத்தெருவில் மல்லிகை மலிகிறது, மாங்காய் வருகிறது, சில நாளில் நுங்கும் வருகிறது.

இதே இரண்டு மாதத்துக்குள்தான் கத்திரி வெயிலும் வருகிறது. மே 4 வாக்கில் தொடங்கி ஏறக்குறைய 25 நாள் நீடிக்கும் அக்னி நட்சத்திரம் இளவேனிலின் நடுவில் நிற்கிறது. பூவும் தளிரும் ஒரு பக்கம், வெயில் ஒரு பக்கம் என்ற இந்தப் பருவம், அப்போதுதான் நடக்கப் பழகிய குழந்தை இருக்கும் வீட்டில் தனி வாழ்க்கை முறையையே உண்டாக்கிவிடுகிறது. எப்போது வெளியே போகலாம், எதைத் தொடலாம், பெரியவர்கள் தங்களுக்குப் பிடித்த காரியத்தை எந்த நேரத்தில் செய்யலாம் என்பதையெல்லாம் குழந்தையும் வெயிலும் சேர்ந்து முடிவு செய்கின்றன.

குழந்தையின் வளர்ச்சியைத் தமிழ் இலக்கியம் மாதக் கணக்கிலேயே வகுத்து வைத்திருக்கிறது. பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களுக்குப் பாட்டியல் மரபு தரும் கணக்கில் 9-ஆம் மாதம் சப்பாணி, 13-ஆம் மாதம் வருகை, 15-ஆம் மாதம் அம்புலி. சப்பாணி என்பது கைகொட்டி ஆடுவது. வருகை என்பது குழந்தையைத் தளர்நடை நடந்து வரும்படி அழைப்பது. அம்புலி என்பது நிலவை விளையாடக் கூப்பிடுவது. இந்தியா உட்பட 5 நாட்டுக் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து உலக சுகாதார நிறுவனம் 2006-இல் வெளியிட்ட கணக்கின்படி, குழந்தை துணையின்றி நடப்பது 8 மாதம் முதல் 17½ மாதம் வரை எப்போது வேண்டுமானாலும் நிகழலாம். பாட்டியல் சொன்ன 13-ஆம் மாதம் இந்த எல்லையின் நடுவில் விழுகிறது. பக்கத்து வீட்டுக் குழந்தை 10 மாதத்தில் நடந்துவிட்டது என்பதற்காக, 14 மாதத்தில் சுவரைப் பிடித்து நிற்கும் குழந்தையைப் பார்த்துக் கவலைப்பட வேண்டியதில்லை. 18 மாதமாகியும் நடக்கவில்லை என்றால் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

நடை வந்த குழந்தைக்கு ஓட்டம்தான் வேலை. 1 வயது முதல் 4 வயது வரையுள்ள பிள்ளைகள் நாளுக்குக் குறைந்தது 3 மணி நேரமாவது உடலை அசைத்து விளையாட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2019-ஆம் ஆண்டு வழிகாட்டுதல் சொல்கிறது. ஒரு வயதுக் குழந்தைக்குத் திரையே வேண்டாம், 2 வயதுக்கு மேல் நாளுக்கு 1 மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம் என்பதும் அதே வழிகாட்டுதல்தான். 1, 2 வயதில் பகல் தூக்கத்தையும் சேர்த்து 11 முதல் 14 மணி நேரத் தூக்கம் வேண்டும். மேலோட்டமாகப் பார்த்தால் கோடையில் அந்த 3 மணி நேர விளையாட்டு நடக்காத காரியம். காலை 10 மணிக்கு மேல் மாலை 4 மணி வரை வெளியே விட முடியாது. வீட்டுக்குள் 3 மணி நேரம் எங்கே ஓடும்?

விடை கடிகாரத்தில் இருக்கிறது. மே மாதத்தில் சென்னையில் 5:45-க்கெல்லாம் சூரியன் உதித்துவிடுகிறது. கைக்குழந்தை உள்ள வீடு எப்படியும் அந்நேரத்துக்கு விழித்துவிடும். 6 முதல் 8 வரை மாடியிலோ வாசலிலோ தெருவிலோ கழித்தால் பாதிக் கணக்கு முடிந்துவிடும். மாலை 5 முதல் இருட்டும்வரை மீதி. நடுப்பகல் தூக்கத்துக்கும், தரையில் தண்ணீர் தெளித்து விளையாடுவதற்கும், மோருக்கும் போகட்டும். கோடையில் பிள்ளை வளர்த்த பாட்டிமார் பகலில் கதவைச் சாத்தி, வெட்டிவேர்த் தட்டியை நனைத்துத் தொங்கவிட்டு, தூளியில் போட்டு ஆட்டியதும் இந்தக் கணக்கை வைத்துத்தான்.

இப்படிக் கிடைக்கும் காலையும் மாலையும் பெரியவர்களின் பொழுதுபோக்குக்கும் ஏற்ற நேரம். குழந்தை வந்தபின் செடி வளர்ப்பு, பறவை பார்ப்பது, கோலம், தையல் எல்லாம் மூட்டை கட்டி வைக்கப்படுவது பல வீடுகளில் நடக்கிறது. குழந்தைக்கு நேரம் கொடுப்பதா, தனக்கு நேரம் எடுத்துக்கொள்வதா என்று எதிரும் புதிருமாக நிறுத்திப் பார்ப்பதால் வரும் முடிவு அது. அந்தப் பிரிவினை பெரும்பாலும் தேவையற்றது. ஒன்றரை வயதுக் குழந்தை பொம்மையைவிடப் பெரியவர்கள் கையில் இருக்கும் பொருளைத்தான் கேட்கிறது. அது கேட்பது அந்த வேலையில் ஒரு பங்கு.

இதைச் சோதித்துப் பார்த்தவர்கள் உண்டு. ஃபெலிக்ஸ் வார்னெக்கென், மைக்கேல் டொமசெல்லோ என்ற இரு ஆய்வாளர்கள் 18 மாதக் குழந்தைகளின் முன்னே துணி உலர்த்தும் கிளிப்பைத் தவறவிட்டு, எட்டாதவர்போல் கையை நீட்டினார்கள். யாரும் சொல்லாமலே குழந்தைகள் போய் அதை எடுத்துக் கொடுத்தன. 2006-இல் இந்த ஆய்வு வெளியானது. இரண்டாண்டு கழித்து அவர்களே செய்த இன்னொரு ஆய்வில், உதவியதற்குப் பரிசு பெற்ற குழந்தைகள் பிறகு உதவுவதைக் குறைத்துக்கொண்டன. உதவுவதே அந்த வயதில் மகிழ்ச்சி. மிட்டாய் கொடுத்து அதைக் கெடுத்துவிடக்கூடாது.

இதே உண்மையைப் பள்ளிமுறையாகவே அமைத்தவர் மரியா மாண்டிசோரி. 1939-இல் சென்னை அடையாறு பிரம்மஞான சபைக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி தொடங்கிய இத்தாலியரான அவர், உலகப் போர் மூண்டதால் திரும்ப முடியாமல் இந்தியாவிலேயே தங்கினார். சில ஆண்டுகள் கொடைக்கானலில் வாழ்ந்தார். பாத்திரத்திலிருந்து பாத்திரத்துக்கு நீர் ஊற்றுவது, தானியம் பிரிப்பது, துடைப்பது, பெருக்குவது போன்ற வீட்டு வேலைகளே அவர் முறையில் குழந்தைக்கு முதல் பாடம். குழந்தையின் கைக்கு ஏற்ற சிறு துடைப்பமும் சிறு குவளையும் கொடுத்துவிட்டால் போதும், மற்றதைக் குழந்தை பார்த்துக்கொள்ளும் என்பது அவர் கண்டது. நம் வீடுகளில் சின்னச் செம்பும், சின்ன முறமும், மரச் சொப்பும் எப்போதும் இருந்தவைதான்.

இளவேனிலில் குழந்தையோடு பங்குபோட ஏற்றவற்றில் முதலில் நிற்பது மாடித்தோட்டம். சித்திரைப் பட்டம் வெண்டைக்கும் கீரைக்கும் கொத்தவரைக்கும் ஏற்றது. செம்மண், மட்கிய தொழு உரம், தென்னை நார்க்கழிவு மூன்றையும் கலந்து குரோ பேக்கில் நிரப்புவது வழக்கம். நார்க்கழிவு தன் எடையைப்போல் பல மடங்கு நீரைப் பிடித்து வைப்பதால் மாடிக் காய்ச்சலைச் செடி தாங்குகிறது. கத்திரி வெயில் நாட்களில் நிழல் வலையும் வேண்டும்.

குழந்தைக்குக் கொடுக்கும் முதல் விதை வெந்தயம். அஞ்சறைப் பெட்டியிலிருந்தே எடுக்கலாம். ஊறவைத்துத் தூவினால் மூன்றாம் நாள் பச்சை தெரியும். ஒன்றரை வயதுப் பொறுமைக்கு மூன்று நாளே அதிகம். முளைக்கீரை 25 நாள் வாக்கில் பறிப்புக்கு வரும். வெண்டை ஒரு வாரத்துக்குள் முளைத்து, 40 நாள் வாக்கில் மஞ்சள் பூ விட்டு, 45, 50 நாளில் காய்க்கும். விதை கனமாக இருப்பதால் குழந்தை இரண்டு விரலில் எடுத்து மண்ணில் வைக்கலாம். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து பிடிக்கும் அந்தத் திறன் முதல் பிறந்தநாளை ஒட்டித்தான் வருகிறது. விதை ஊன்றுவது அதற்கு நல்ல பயிற்சி. கடையில் வாங்கும் விதை சிவப்போ நீலமோ பூசியிருந்தால் அது பூஞ்சணக் கொல்லி கலந்தது. அதைக் குழந்தையின் கையில் தரவே கூடாது. சாதாரண விதையும் வாய்க்கும் மூக்குக்கும் போகக்கூடியதுதான். எனவே ஒன்று கொடுத்து, ஊன்றிய பிறகே அடுத்தது.

தண்ணீர் ஊற்றுவதைக் குழந்தை விடாது. பாதி நீர் செடிக்கும் பாதி அதன் சட்டைக்கும் போகும். கோடையில் இரண்டும் நல்லதே. வாளிதான் ஆபத்து. இந்த வயதில் உடலின் அளவுக்குத் தலை கனம் அதிகம். வாளிக்குள் எட்டிப் பார்த்துத் தலைகுப்புற விழுந்தால் குழந்தையால் தானாக மீள முடியாது. ஒரு சாண் நீரே மூழ்கப் போதும், சத்தமும் கேட்காது. வேலை முடிந்ததும் வாளியைக் கவிழ்த்து வைப்பதை மாடித்தோட்டக்காரர்கள் சட்டமாகவே வைத்துக்கொள்ள வேண்டும். கைப்பிடிச் சுவரை ஒட்டித் தொட்டிகளை அடுக்கும் பழக்கமும் குழந்தையுள்ள வீட்டில் கூடாது. தொட்டி அதற்குப் படிக்கட்டு. அரளி பூ எவ்வளவு அழகாக இருந்தாலும் செடி முழுவதும் நஞ்சு. இரண்டு மூன்று ஆண்டுக்கு அதைத் தூரத்து வீட்டுக்குக் கொடுத்துவிடலாம். தொட்டியின் அடித்தட்டில் தேங்கும் நீரை வாரம் ஒருமுறை கொட்டிவிட்டால் டெங்கு பரப்பும் கொசு வளராது. மண்ணில் கைவைத்த பிள்ளைக்குச் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். 1 வயதுக்கு மேல் அரசு முகாம்களில் ஆண்டுக்கு இருமுறை தரும் குடற்புழு மாத்திரையைத் தவறவிடக்கூடாது.

மாடியிலேயே நடக்கும் இன்னொரு கோடைத் தொழில் வடாம். ஜவ்வரிசியை ஊறவைத்து, கண்ணாடிபோல் ஆகும்வரை கிளறி, பச்சைமிளகாய் விழுதும் உப்பும் பெருங்காயமும் எலுமிச்சைச் சாறும் சேர்த்து, வெயில் ஏறுமுன் துணியிலோ பிளாஸ்டிக் விரிப்பிலோ கரண்டியால் வட்டமாக ஊற்றுகிறார்கள். அரிசிக் கூழ் வடாத்துக்குத் தேன்குழல் அச்சு. கூழ் கொதிக்கும் கட்டத்தில் குழந்தை அடுப்பங்கரைப் பக்கமே வரக்கூடாது. கொதிக்கும் கூழ் தோலில் ஒட்டிக்கொள்வதால் வெந்நீரைவிட மோசமாகச் சுடும். மிளகாய் சேர்க்குமுன் ஒரு கிண்ணம் எடுத்து ஆறவைத்தால் அது குழந்தையின் பங்கு. ஆறியதும் ஒரு சிறு கரண்டியைக் கொடுத்துவிட்டு ஓரத்தில் ஒரு சதுரம் விடலாம். அங்கே விழும் வடாம் வட்டமாக இராது. காய்ந்தபின் பொரித்தால் அந்தக் கோணல் வடாமும் பொரியத்தான் செய்யும்.

பிறகு காக்கை விரட்டும் காலம். விரிப்பின் பக்கத்தில் கறுப்புக் குடையையோ கறுப்புத் துணியையோ வைப்பது பழைய வழக்கம். நிழலில் பாட்டி மடியில் உட்கார்ந்து "சூ" சொல்லும் பேரனோ பேத்தியோ அந்தக் குடைக்குத் துணை. அந்தக் காவலில் ஒரு பங்கு பாதி காய்ந்த வடாத்தைத் தின்பதில் போய்விடுகிறது; அந்தச் சுவை வேறு எந்தப் பருவத்திலும் கிடைக்காது. தரை சுடத் தொடங்கியதும் இறங்கிவிட வேண்டும். பெரியவர் பாதம் பொறுக்கும் சூடு குழந்தையின் மெல்லிய தோலைச் சுட்டுவிடும்.

வேப்பம்பூ சேர்ப்பது இதைவிட எளிது. மரத்தடியில் வேட்டியை விரித்துவிட்டால் காலையில் பூ தானே விழுந்திருக்கும். காம்பு பிரித்து நிழலில் உலர்த்துவது பாட்டியின் வேலை, பூவை அள்ளி வாரி இறைப்பது குழந்தையின் வேலை. சித்திரை முதல் நாள் பச்சடியில் மாங்காயும் வெல்லமும் வேப்பம்பூவும் சேரும்போது குழந்தைக்கும் விரல் நுனியில் கொஞ்சம் கொடுப்பதுண்டு. முகம் சுளிக்கும். புதிய சுவையைக் குழந்தை ஏற்க எட்டுப் பத்து முறைகூட ஆகலாம் என்பதால் ஒரு சுளிப்பை வைத்துப் பிடிக்காது என்று தீர்ப்பெழுத வேண்டியதில்லை. அதேபோல் நுங்கு, தர்பூசணி, மாம்பழம் எல்லாம் தரலாம். வழுக்கும் நுங்கை மசித்தும், தர்பூசணியை விதை நீக்கியும் கொடுக்க வேண்டும். முழு வேர்க்கடலையும் முழு திராட்சையும் இந்த வயதில் தொண்டையை அடைக்கும்.

பறவை பார்ப்பதில் ஆர்வம் உள்ள பெற்றோர் காட்டுக்குப் போக முடியவில்லையே என்று ஏங்குவதுண்டு. இளவேனிலில் வீட்டுக் கூரையே போதும். இயற்கை எழுத்தாளர் மா. கிருஷ்ணன் சென்னையில் தம் வீட்டைச் சுற்றிக் கண்ட காக்கை, அணில், குயிலைப் பற்றியே எத்தனையோ கட்டுரைகள் எழுதினார். 1950 முதல் 1996-இல் மறையும்வரை ஓர் ஆங்கில நாளிதழில் அவருடைய பத்தி வந்துகொண்டிருந்தது. கறுப்பு உடலும் சிவந்த கண்ணும் கொண்டது ஆண் குயில். பழுப்பு உடலில் வெண்புள்ளி இறைத்தது பெண். நாம் கேட்கும் ஏறிக்கொண்டே போகும் கூவல் ஆணுடையது. பெண் காக்கைக் கூட்டில் முட்டையிட்டுவிட்டுப் போகும். வைகாசியில், ஆனியில் காக்கை ஒன்று தன்னைப்போல் இல்லாத குஞ்சுக்கு இரை ஊட்டுவதை எந்த ஊரின் மின்கம்பியிலும் பார்க்கலாம்.

இந்தப் பொழுதுபோக்குக்கும் குழந்தையின் மொழிக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. ஒரு வயதை ஒட்டிக் குழந்தை விரலை நீட்டிக் காட்டத் தொடங்குகிறது. அது காட்டியதைப் பெரியவர் பார்த்து, பெயர் சொன்னால், சொல்லும் பொருளும் அந்தக் கணத்தில் ஒன்றாகப் பதிகின்றன. முதலில் பறப்பதெல்லாம் "காக்கா". பிறகு புறா பிரியும், மைனா பிரியும். 2 வயதை ஒட்டி இரண்டு சொல் சேர்ந்து "காக்கா போச்சு" என்று வாக்கியமாகிறது. பறவை பார்ப்பவர்கள் எந்நேரமும் சுட்டிக் காட்டிப் பெயர் சொல்பவர்கள் ஆதலால், அவர்கள் பக்கத்தில் வளரும் குழந்தைக்குச் சொல்லுக்குப் பஞ்சமில்லை. பாட்டியலார் அம்புலியை 15-ஆம் மாதத்தில் வைத்ததன் நுட்பமும் இங்கே விளங்குகிறது. சுட்டிக் காட்டும் விரல் வந்த பிறகுதான் நிலவு விளையாட்டுத் துணையாகும். சித்ரா பௌர்ணமி இரவில் மாடியில் சித்திரான்னம் வைத்து நிலாச்சோறு உண்பது, மின்சாரம் போனாலும் போகாவிட்டாலும், குழந்தையுள்ள வீடு கைவிடக்கூடாத வழக்கம்.

நடுப்பகல் வேறு வகை. குழந்தை தூங்கும் ஒன்று, ஒன்றரை மணி நேரம் பெரியவரின் தனிப் பொழுது. எந்தக் கணத்திலும் பாதியில் நிறுத்தக்கூடிய வேலையே அதற்கு ஏற்றது: வாசிப்பு, பூத்தையல், குரோஷா, பென்சில் ஓவியம். ஊசியும் பொத்தானும் மூடிபோட்ட டப்பாவில், உயரத்தில் இருக்க வேண்டும்.

ஆனால் அந்த நேரம் யாருக்குக் கிடைக்கிறது? தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019-இல் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் நாளுக்குச் சராசரியாக 299 நிமிடமும் ஆண்கள் 97 நிமிடமும் செலவிட்டார்கள். வீட்டினரைப் பராமரிப்பதில் பெண்கள் 134 நிமிடம், ஆண்கள் 76 நிமிடம். குழந்தை தூங்கும் நேரத்தில் அம்மாவுக்குப் பாத்திரமும் துணியும் காத்திருக்கின்றன என்பதே இதன் பொருள். அம்மாவின் தையலும் வாசிப்பும் உயிரோடு இருக்க வேண்டுமானால் நல்ல எண்ணம் மட்டும் போதாது. அப்பா காலை 6 முதல் 8 வரை குழந்தையோடு மாடிக்குப் போக வேண்டும், பாத்திரமும் துலக்க வேண்டும். செடிக்கு நீர் ஊற்றுவது அப்பாவின் பொழுதுபோக்காக இருக்கும் வீட்டில் இது இயல்பாக அமைந்துவிடுகிறது.

கோடையின் உடல்நலத் தொல்லைகளில் வேர்க்குருதான் அடிக்கடி வருவது. வேர்வை நாளம் அடைபடுவதால் வரும் அதற்கு மேலே பவுடரை அப்பினால் அடைப்பு கூடும். தளர்ந்த பருத்தி உடையும் இருவேளைக் குளியலும் போதும். வயிற்றுப்போக்கு வந்தால் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை அதன்மேல் அச்சிட்ட அளவு நீரில் கரைத்துச் சிறுகச் சிறுகத் தர வேண்டும். 6 முதல் 8 மணி நேரம் சிறுநீர் போகாமல், அழும்போது கண்ணீர் வராமல், குழந்தை துவண்டிருந்தால் வீட்டு வைத்தியத்துக்கு நேரமில்லை. நிறுத்திய காருக்குள் ஐந்து நிமிடம்கூடக் குழந்தையைத் தனியே விடக்கூடாது. இந்தப் பருவத்தில் சின்னம்மையும் பரவும். வேப்பிலை கட்டுவதோடு மருத்துவரையும் பார்க்க வேண்டும், ஆஸ்பிரின் தரவே கூடாது.

வைகாசி முடியும்போது மல்லிகை குறைந்துவிடும், வடாம் டப்பா நிறைந்துவிடும், பக்கத்து வீட்டு அண்ணன் அக்காமார் பள்ளிக்குப் போய்விடுவார்கள். சித்திரையில் சுவரைப் பிடித்து நடந்த குழந்தை அதற்குள் மாடிப்படியை ஏறப் பழகியிருக்கும். நாட்டு வெண்டை விதைத்தவர்கள் ஒரு காயை மட்டும் பறிக்காமல் செடியிலேயே முற்றவிட்டால், ஒரு மாதத்துக்கு மேலான பின் அது உலர்ந்து வெடிக்கும். அதைக் குலுக்கினால் கிலுகிலுப்பைபோல் ஓசை வரும். உள்ளே இருக்கும் விதைகள் ஆடிப்பட்டத்துக்கு ஆகும்.